புளி போட்டு மினுக்கிய அரசன்

எண்பத்திரண்டு. பவளராணி உலோகம் தேடும் டிடெக்டரின் தட்டைத் திரும்பவும் அசைத்தார். எண்பத்திரண்டு. இடமிருந்து வலம் போனாலும் வலமிருந்து இடம் வந்தாலும் அதே எண், அதே கீச்சு. அலுமினிய மூடி இப்படி ஒரே சொல்லில் நிற்காது. எழுபது என்று தொடங்கி அறுபத்தைந்துக்கு இறங்கும். இது இறங்கவில்லை.

ஹெட்ஃபோனைக் கழுத்தில் இறக்கிவிட்டு மண்வெட்டியைக் குத்தினார். நாலு பக்கமும் வெட்டிக் கட்டியைப் புரட்டினார். கட்டியில் ஒன்றும் இல்லை. கையடக்கச் சிறு கருவியைக் குழிக்குள் நீட்டியதும் அது கையில் அதிர்ந்தது. இன்னும் ஆழம். கலப்பை போகிற ஆழத்தின் அடிமட்டத்தில், மண் நிறம் மாறுகிற இடத்தில்.

முழங்காலில் நின்று, பிறகு குப்புறப் படுத்து, கையை முழங்கை வரை விட்டார். விரல் நுனியில் ஒரு விளிம்பு. மெல்லிய, வளைந்த, குளிர்ந்த விளிம்பு.

உள்ளங்கை அளவுக்குச் சற்றுக் குறைவான வட்டம் மண்ணோடு வந்தது. ஒரு பக்கத்தில் மண் தானாக உதிர்ந்த இடத்தில் சப்பாத்துப் போட்ட கால் ஒன்று தெரிந்தது. அதற்கு மேலே அங்கியின் ஓரம். மறுபக்கம் முழுக்கச் சேறு. சேற்றுக்குள் மண்ணிறத்தில் மெத்தென்று ஏதோ ஒட்டியிருந்தது. அதில் பெருவிரல் பட்டதும் கையை எடுத்துவிட்டார்.

பிறகு கத்தினார். சொல் எதுவும் இல்லை, வெறும் கத்தல். வயலின் மறுகரையில் வேலிக்கம்பி இழுத்துக்கொண்டிருந்த பிரெபென் கையிலிருந்த கம்பிவெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். எழுபத்தோரு வயது மனிதர், ரப்பர் பூட்ஸ். அந்த நிலம் அவருடையது.

"காலை முறித்துக்கொண்டாயோ என்று நினைத்தேன்."

"ராஜா," என்றார் பவளராணி. "ஒரு ராஜாவின் கால்."

பிரெபென் குனிந்து பார்த்தார். தொடவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். நாற்பது வருடமாக அந்த நிலத்தை உழுகிறவர்.

"நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குச் சோளம் விதைக்கிற மெஷின் வருகிறது. வாடகை மெஷின். அதற்குப் பிறகு அறுவடை வரை இங்கே யாரும் தோண்ட முடியாது."

"இன்னும் இருந்தால்?"

"இருந்தால் பன்னிரண்டு மணிக்கு முன் எடு."

அதைச் சொல்வது எளிது. கலப்பை ஆழத்துக்குக் கீழே தோண்டப் பவளராணிக்கு அனுமதி இல்லை. அது தொல்லியல்காரரின் வேலை. மண்ணுக்குள் கிடைக்கும் பெரிய வெள்ளியும் பொன்னும் அரசுக்குச் சேரும். கண்டெடுத்தவர் அதைக் கழுவாமல், தேய்க்காமல், கிடைத்தபடியே மியூசியத்தில் கொடுக்க வேண்டும். டிடெக்டர் பிடிப்பவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தருகிற பாடம் அது. பவளராணி குழிக்குள் படம் எடுத்தார். அவசரத்தில் மூன்று படமும் கலங்கியிருந்தன. இடத்தைப் போனில் குறித்து, குழியை மூடி, மேலே ஒரு சிவப்புக் கொடி குத்தினார். காசை ஈர மண்ணோடு ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஹொல்ஸ்டெப்ரோ நகரத்திலுள்ள வீட்டுக்குக் காரோட்டினார். ரேடியோவை நிறுத்திவிட்டார். தன் மூச்சே தனக்குப் போதுமான சத்தமாக இருந்தது.

பவளராணிக்கு ஐம்பத்தாறு வயது. இருபத்திரண்டு வயதில் டென்மார்க் வந்தவர். வந்த மூன்றாம் வருடம் நகரத்துக்கு வெளியே ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் சேர்ந்தார். பொரித்த இறைச்சி உருண்டைகள் பெட்டியில் அடைபட்டு ஓடும் பட்டியில் வரும். கடைசியில் ஒரு சதுர வளைவுக்குள் புகுந்து வெளியேறும். உள்ளே உலோகம் இருந்தால் வளைவு கீச்சிடும், பட்டி நிற்கும். பவளராணியின் இடம் அந்த வளைவடி. கீச்சிட்ட பெட்டியை உடைத்து, உருண்டைகளை விரலால் பிய்த்து, கத்தி நுனியோ திருகாணியோ எதுவானாலும் கண்டுபிடித்து, ஒரு தாளில் எழுத வேண்டும். நேரம், பெட்டி எண், என்ன பொருள், எப்படி வந்தது. பத்தொன்பது வருடம்.

ஒருமுறை வளைவு கீச்சிட்டபோது அகப்பட்டது தோட்டின் பின்னால் திருகும் ஒரு தங்கச் சுரை. அவருடைய காதிலிருந்து விழுந்தது. யாரும் பார்க்கவில்லை. தாளில் எழுதினார்: தோட்டின் சுரை. எப்படி வந்தது: என் காதிலிருந்து. கீழே தன் பெயர். அந்தப் பெட்டியோடு முந்நூறு பெட்டிகளை எறிந்தார்கள். அந்தக் கட்டத்தில் தன் பெயரைத் தானே எழுதிய ஆளை இதுவரை காணவில்லை என்று மேற்பார்வையாளர் சொன்னார். திட்டினாரா பாராட்டினாரா என்பது பவளராணிக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தொழிற்சாலை போலந்துக்குப் போனது. நாற்பத்தேழு வயதில் படித்து, முதியோர் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்தார். ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மகள் கஜந்தி ஒரு நீளப் பெட்டியைக் கொண்டுவந்தாள். "அம்மா, நீ நித்திரையிலும் பீப் சத்தத்துக்கு எழும்புகிறாய். இதை வைத்துக்கொள்," என்று டேனிஷில் சொன்னாள்.

ஆறு வருடம். ஆணிகள், தோட்டாக் கோதுகள், டிராக்டர் நட்டுகள், ஒரு கரண்டி, ஒரு பொம்மைக் கார், எண்ணில்லாத மூடிகள். கணவர் ஆனந்தராஜா வாசலில் நின்று வரவேற்பார்.

"என்ன, இரும்புக்கடை முதலாளியம்மா, இண்டைக்கு எத்தினை மூடி?"

"நாலு."

"நாலோ? யாவாரம் பரவாயில்லை."

அந்த வியாழக்கிழமை பவளராணி வீட்டுக்கு வந்தபோது அவர் காற்றாலைச் சிறகு செய்யும் தொழிற்சாலையில் காலை வேலையில் இருந்தார். பவளராணி மியூசியத்துக்குப் போன் செய்தார். தொல்லியலாளர் ரிக்கே வெளியே போயிருந்தார். செய்தி விட்டார். மூச்சு வாங்கியதில் முதல் தடவை தன் பெயரைச் சொல்ல மறந்து, இரண்டாம் தடவை எடுத்துச் சொன்னார். பெரிய வெள்ளிக்காசு, அரசன் நிற்கிறான், பின்பக்கம் ஏதோ ஒட்டியிருக்கிறது, தோலாகவோ துணியாகவோ இருக்கலாம், நாளை பன்னிரண்டுக்கு விதைக்கிறார்கள்.

இரண்டு மணிக்கு வேலையிடத்தில் கூட்டம். ஓய்வு நாளிலும் போக வேண்டிய கூட்டம். டப்பாவைச் சமையலறை மேசையில் வைத்துப் போனார். கணவருக்குச் செய்தி எழுதினார்: ராஜா கிடைத்துவிட்டார். மேசையில் இருக்கிறார்.

தொடாதீர்கள் என்று எழுதவில்லை.

கூட்டத்தில் புதிய மருந்துப் பெட்டி பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். பவளராணி தலையாட்டிக்கொண்டிருந்தார். மேசைக்குக் கீழே கால் நிற்கவில்லை. நாலு மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்தபோது ஊதுபத்தி மணந்தது.

ஆனந்தராஜா கைச்சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தார். முகம் வேர்த்துச் சிவந்திருந்தது. சாமித்தட்டின் முன்னால் வெள்ளித்தட்டு, தட்டில் வாழைப்பழம் ஒன்று, கண்ணாடி ஜாடியில் வளர்த்த ரோஜா ஒன்று. நடுவில் அது.

வெயில் பட்டது போல மின்னியது. அரசன் முழு உருவமாய் நின்றான். கையில் செங்கோல், தலையில் கிரீடம், கன்னத்தில் தாடி. சுற்றிவர எழுத்து. ஓர் எழுத்துக்கூட மங்கவில்லை.

"பாத்தியே?" என்றார் ஆனந்தராஜா. "ஆறு வருசம் உன்னைப் பகிடி பண்ணினனான். வாய் கூசுது. பவளம், உவனைப் பார், உவன்ரை தாடியைப் பார். ஒவ்வொரு மயிரும் தெரியுது!"

பவளராணி கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"என்ன செய்தனீங்கள்?"

"மினுக்கினனான். இண்டைக்கு வியாழன்தானே. விளக்கு மினுக்கப் புளி கரைச்சனான். உவனையும் ஊறப் போட்டன். கறுப்பெல்லாம் கழண்டுது. பிறகு வெள்ளிக்குத் திருநீறு. ஒரு மணித்தியாலம் விடாமல் தேய்ச்சனான், கை உளையுது."

அந்த வீட்டில் விளக்கு மினுக்குவது அவர் வேலை. இறைச்சித் தொழிற்சாலைக் குளிரில் மனைவியின் விரல்கள் வெடித்த வருடத்தில் எடுத்துக்கொண்டது. பிறகு திருப்பிக் கொடுக்கவில்லை. நன்றாகவே செய்வார்.

"ஆர் உங்களைத் தொடச் சொன்னது?"

"அரசாங்கத்துக்குக் குடுக்கிற சாமான். மியூசியத்திலை வைக்கப் போறாங்கள். ஊத்தையோடை கொண்டுபோய்க் குடுக்கிறதே? தமிழ்ச் சனம் ஊத்தையோடை தந்ததெண்டு சொல்லுவாங்கள்."

"ஊத்தையோடைதான் குடுக்கவேணும்! ஐயோ, அதுதான் சட்டம்! பின்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்ததே, மண்ணிறமாய், அது எங்கை?"

ஆனந்தராஜா யோசித்தார். முகத்தின் சிவப்பு மெல்ல வடிந்தது.

"ஏதோ சவ்வு மாதிரி இருந்தது. புளியோடை சேர்ந்து போச்சு."

பவளராணி கதிரையில் உட்கார்ந்தார். ஒற்றைக் காசு ஒன்று வயலில் கிடந்தால் அது யாரோ தவறவிட்டது. மியூசியம் நன்றி சொல்லும், அவ்வளவுதான், நாளைக்கு மெஷின் ஓடும். தோலில் ஒட்டிய காசென்றால் அது பை. பையென்றால் கீழே மிச்சம் இருக்கும். அந்தப் பையின் சாட்சியைத்தான் தேய்த்துவிட்டார்.

போன் அடித்தது. ரிக்கே.

ஆனந்தராஜா கையைக் கூப்புவது போல் நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "இஞ்சை பார், எடுக்கேக்கையே இப்பிடித்தான் மினுங்கினது எண்டு சொல்லு. வெள்ளிதானே, மினுங்கும்."

பவளராணி போனை எடுத்தார்.

"உங்கள் செய்தியைக் கேட்டேன். பின்பக்கம் ஒட்டியிருப்பதைப் படம் அனுப்ப முடியுமா? தோல் என்றால் நாளை காலையே வந்து திறப்போம். இல்லையென்றால் திங்கட்கிழமை காசைக் கொண்டுவாருங்கள்."

"அது இப்போது இல்லை," என்றார் பவளராணி. "கழுவப்பட்டுவிட்டது. என் கணவர் கழுவினார்."



"எதனால்?"

"ஒரு பழம். புளிப்பான பழம். பிறகு சாம்பல்."

"சாம்பல்."

"கோயிலில் பூசுகிற சாம்பல். மிகவும் மெல்லியது," என்றார் பவளராணி. அது எதற்கும் உதவாது என்று சொல்லும்போதே தெரிந்தது.

ஆனந்தராஜா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"அந்தப் பழம் எங்கே?" என்று ரிக்கே கேட்டார்.

பவளராணி போனைக் காதிலிருந்து எடுத்தார். "இஞ்சாருங்கோ! புளிச் சக்கையை என்ன செய்தனீங்கள்?"

"பச்சைப் பைக்குள்ளை போட்டனான்."

"பையை வெளியிலை கொண்டுபோட்டிட்டீங்களோ?"

"இல்லை, சிங்குக்குக் கீழைதான் கிடக்கு."

"சமையல் கழிவுப் பையில் இருக்கிறது, வீட்டுக்குள்ளேயே," என்று போனில் கத்தினார்.

"யாரும் எதையும் தொட வேண்டாம். சிங்கில் தண்ணீர் திறக்க வேண்டாம். வருகிறேன்."

ஐந்தரை மணிக்கு ரிக்கே வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், பூட்ஸில் வேறு ஏதோ ஊரின் சேறு. சாமித்தட்டின் முன்னால் நின்று காசைக் குனிந்து பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மறுபக்கத்தில் பெரிய கிரீடம் ஒன்று, வேறொன்றும் இல்லை.

"நான்காம் கிறிஸ்டியான். ஆயிரத்து அறுநூற்று இருபதாம் வருடக் காசு. ஒரு கிரோன்," என்றார். பிறகு, "இவ்வளவு சுத்தமாக அவரை நான் பார்த்ததே இல்லை."

அது பாராட்டு இல்லை என்று இருவருக்கும் விளங்கியது. ஆனந்தராஜா தேநீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றார் ரிக்கே. ஆனந்தராஜா எப்படியும் ஊற்றினார்.

மேசையில் வெள்ளைத் துணி விரித்துப் பச்சைப் பையைக் கொட்டினார்கள். கறிவேப்பிலைக் காம்பு, வாழைப்பழத் தோல், வெங்காயச் சருகு, தேயிலை. நடுவில் கைப்பிடியளவு புளிச் சக்கை, திருநீறு அப்பிச் சாம்பல் நிறமாய். ரிக்கே இடுக்கியை எடுத்தார். ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்தார். இன்னொன்று. இன்னொன்று.

"எல்லாம் நாராக இருக்கிறது. எல்லாம் மண்ணிறம். எது பழம், எது தோல் என்று எனக்குத் தெரியவில்லை." முகர்ந்தார். "இதைச் சாப்பிடுவீர்களா?"

"ரசம் வைப்போம்."

"ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் மூன்று வாரம்."

கடிகாரத்தில் ஆறு. பவளராணி எழுந்து கைகழுவப் போனவர் சிங்கருகே நின்று திரும்பினார். தண்ணீர் திறக்கக் கூடாது. காகிதத் துண்டால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"விடுங்கள். நான் பார்க்கிறேன்."

ரிக்கே தயங்கினார். "கையாலா?"

"பத்தொன்பது வருடம் இறைச்சிக்குள் இறைச்சி அல்லாததைத் தேடினேன். கண்ணால் இல்லை."

மெல்லிய கையுறை ஒன்றை ரிக்கே நீட்டினார். பவளராணி போட்டுக்கொண்டு சக்கையில் ஒரு சிட்டிகை எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உருட்டினார். நார். இடப்பக்கம் வைத்தார். கோது. இடம். விதையின் தோல், வழவழவென்றது. இடம். நார். நார். சொல்லாமல், நிற்காமல், பட்டி ஓடுகிற வேகத்தில். ரிக்கே இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனந்தராஜா கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார்.

"கெதியாய்ச் செய்யாதை, தவறவிட்டிடுவாய்."

"நீங்கள் வாயைத் திறக்கவேண்டாம்."

"சரி."

கால்வாசிச் சக்கை இடம் மாறியது. பாதி மாறியது. பவளராணியின் நெற்றியில் வேர்வை. முக்கால்வாசி.

விரல்கள் நின்றன.

"பிசைந்தால் புளி பிரியும்," என்றார். "இது பிரியவில்லை. மடிகிறது."

வலப்பக்கம் வைத்தார். அரை விரல் நகமளவு. ரிக்கே சொட்டுத் தண்ணீர் விட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக் குனிந்தார். நெடுநேரம் குனிந்திருந்தார். அல்லது அந்தச் சமையலறையில் அது நெடுநேரமாகத் தெரிந்தது.

"துளை," என்றார். "ஒன்று. இரண்டு. மூன்று. ஒரே நேர்கோட்டில்." தலையை நிமிர்த்தினார். கண்ணாடி இன்னும் ஒற்றைக் கண்ணிலேயே இருந்தது. "தைத்த துளை! இது தோல். இது பை!"

ஆனந்தராஜா அடித்த கைதட்டலில் தேநீர்க் கோப்பை கவிழ்ந்தது. மூவரும் ஒரே நேரத்தில் துணியைத் தூக்கினார்கள். தேநீர் மேசையோடு நின்றது. ரிக்கே சிரிக்கத் தொடங்கினார். பவளராணி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கணவரின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

"ஆ! அதுக்கேன் அடிக்கிறாய்? கண்டுபிடிச்சாச்செல்லே?"

"மினுக்கினதுக்கு!"

"நான் எறியாமல் வைச்சிருந்தபடியால்தானே கிடைச்சது?"

"பையைக் கொண்டுபோய்ப் போடப் பஞ்சிப்பட்டு அப்பிடியே விட்டனீங்கள். அதையும் பெருமையாய்ச் சொல்லுங்கோ."

ரிக்கே அதற்குள் போனில் ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நாளை ஏழு மணி, ஆம், ஏழு. சமையலறைக்குள் சுற்றிச் சுற்றி நடந்தார். ஆயிரத்து அறுநூற்று இருபத்தேழில் இந்தப் பக்கமெல்லாம் அந்நியப் படை வந்தது, ஆட்கள் கையிலிருந்ததைப் புதைத்துவிட்டு ஓடினார்கள், ஓடியவர்களில் பலர் திரும்பவில்லை, இது அதுவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று ஒரே மூச்சில் சொன்னார். பவளராணி பிரெபெனை அழைத்தார்.

"பை," என்றார். "பிரெபென், அது பை!"

"கேட்கிறது, கத்தாதே. பன்னிரண்டு மணி வரை உன்னுடையது. கேற்றைத் திறந்து வைக்கிறேன்."

மியூசியத்தில் கொடுக்கும் படிவத்தை ரிக்கே மேசையில் வைத்தார். கண்டெடுத்தவர், இடம், ஆழம். சுத்தம் செய்யப்பட்டதா என்று ஒரு கட்டம். ஆனந்தராஜா எட்டிப் பார்த்தார்.

"உதிலை என்ரை பேரையும் எழுதப்போறியே?"

"ஓம்."

"எழுது," என்றார். கொஞ்சம் பொறுத்து, "எழுத்துக்கூட்டைச் சரியாய் எழுது."

சுத்தம் செய்யப்பட்டதா: ஆம். எதனால்: புளி, திருநீறு. யாரால்: ஆனந்தராஜா, கணவர். எப்படி நடந்தது: தொட வேண்டாம் என்று நான் எழுத மறந்தேன்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஏழு மணிக்கு ரிக்கேயும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். சிவப்புக் கொடியைச் சுற்றி ஒரு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் நூல் கட்டினார்கள். மழை தூறியது, எட்டரைக்கு விட்டது. ஒன்பது இருபதுக்கு முப்பத்தாறு சென்டிமீட்டர் ஆழத்தில் ஒன்றோடொன்று ஒட்டிய பதினொரு காசுகளும், தோலின் மிச்சமும், பையின் வாயில் கோத்திருந்த ஒரு பித்தளை வளையமும் கிடைத்தன. மண்ணோடு சேர்த்தே வெட்டிப் பெட்டியில் வைத்தார்கள். ஆனந்தராஜா அரை நாள் லீவு எடுத்து வந்து நூலுக்கு வெளியே நின்றார். எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார். குழியைப் பதினொன்று நாற்பதுக்கு மூடினார்கள். பன்னிரண்டு ஐந்துக்கு மெஷின் வந்தது. பிரெபென் அந்த இடத்திலும் சோளம் விதைத்தார். மூன்று மணிக்குப் பவளராணி மாலை வேலைக்குப் போனார். முதல் வீட்டில் தொண்ணூற்றிரண்டு வயதுப் பெண்ணுக்குக் கண் மருந்து விட்டார். நகத்துக்குள் மண் இருந்ததால் கையுறை போட்டுக்கொண்டார்.